வார்ப்பு ஈயக்குண்டுகளை அளவாக்கி மசகிடல்

வார்ப்பு ஈயக்குண்டுகளை அளவாக்கி மசகிடல் என்பது, உருக்கிய ஈயக் கலப்புலோகத்தை அச்சில் வார்த்துப் பெற்ற துப்பாக்கிக் குண்டுகளைக் குழலுக்கு ஏற்ற விட்டத்துக்குக் கொண்டுவந்து, அவற்றின் பக்கப் பள்ளங்களில் மெழுகு கலந்த மசகை நிரப்பும் தொழில்நுட்பமாகும். தற்கால இயந்திரங்களில் இவ்விரு வேலைகளும் ஒரே அழுத்தத்தில் நடைபெறுகின்றன. சிறிய தொழில்நுட்பமே எனினும், மசகில் சேர்ந்த கொழுப்பு எந்த விலங்கினுடையது என்ற கேள்வி 1857 இல் இந்திய வரலாற்றையே திருப்பியது.

தமிழில் தோட்டா, குண்டு ஆகிய சொற்கள் பெரும்பாலும் ஒரே பொருளில் வழங்கப்படுகின்றன. இக்கட்டுரையில் தோட்டா என்பது உறை, வெடிமருந்து, குண்டு அனைத்தும் சேர்ந்த முழுப்பொருளையும், குண்டு என்பது குழலிலிருந்து வெளியேறும் உலோகத் துண்டை மட்டும் குறிக்கும்.

தேவை

ரைஃபிள் எனப்படும் புரிதுப்பாக்கியின் குழலினுள் திருகு வடிவப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு இப்பள்ளங்களை இறுகப் பற்றினால்தான் சுழன்று நேராகச் செல்லும். குண்டு சிறிதாக இருந்தால், வெடிமருந்தின் சூடான வளிமம் அதன் பக்கமாக ஒழுகி ஈயத்தை அரித்துக் குழலில் படியச் செய்யும். பெரிதாக இருந்தால் அழுத்தம் கூடும், அல்லது தோட்டா அறையில் நுழையாது. ஆகவே குண்டு பொதுவாகப் பள்ள விட்டத்தைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு கூடுதலாக வைக்கப்படுகிறது. எடுத்துக்காட்டாக, .38 ஸ்பெஷல் வகைக் கைத்துப்பாக்கிக்கு வார்ப்புக் குண்டின் வழக்கமான விட்டம் 0.358 அங்குலம் ஆகும்.

தூய ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும், மிக மென்மையானது. பிரினெல் அளவுகோலில் அதன் கடினம் ஏறத்தாழ 5 மட்டுமே. வெள்ளீயம் சேர்த்தால் அச்சு நன்கு நிரம்பும். அந்திமனி சேர்த்தால் கடினம் கூடும். 90 பங்கு ஈயம், 5 பங்கு வெள்ளீயம், 5 பங்கு அந்திமனி கொண்ட கலவை பரவலாக அறியப்பட்டது. இதன் கடினம் 15 அளவில் இருக்கும். அந்திமனி கலந்த குண்டுகள் வார்த்த பின் நாள்பட நாள்படக் கடினமாவதால், அவற்றை அதிகம் தாமதிக்காமல் அளவாக்குவது எளிது.

புரியற்ற குழல் கொண்ட நாட்டுத் துப்பாக்கிகளுக்கு இவை எதுவும் தேவைப்படுவதில்லை. அவற்றில் இடப்படும் சிறு உருண்டைகள் குழலைப் பற்ற வேண்டியதில்லை. குறி தவறுவதற்கும் அதுவே ஒரு காரணம்.

மசகுப் பொருட்கள்

கரிமருந்துக் காலத்தில் விலங்குக் கொழுப்பும் தேன்மெழுகும் முதன்மையான மசகுகளாக இருந்தன. கரிமருந்து எரிந்தபின் எஞ்சும் கெட்டியான கசடை இளக்கி வைப்பதே அவற்றின் பெரும்பணி. புகையிலா வெடிமருந்து வந்தபின் கசடு குறைந்தது. ஈயம் குழலில் ஒட்டாமல் தடுப்பது முதன்மை நோக்கமாயிற்று. 20 ஆம் நூற்றாண்டில் அலாக்ஸ் என்னும் பெட்ரோலிய வழிப்பொருளும் தேன்மெழுகும் சமபங்கு கலந்த மசகு பரவலானது. மென்மசகு கைச்சூட்டிலேயே இளகும். வன்மசகைச் சூடேற்றினால்தான் பாயும். தென்மாவட்டக் கோடை போன்ற வெப்பத்தில் மென்மசகு பள்ளத்திலிருந்து உருகி வெடிமருந்தில் கலந்து அதன் திறனைக் கெடுக்கக்கூடும். இந்த ஐயம் புதிதன்று. 1853 இல் பிரித்தானியர் மசகிட்ட தோட்டாக்களை முதன்முதலாக இந்தியாவுக்கு அனுப்பியதே, வெப்பநாட்டில் மசகு எவ்வாறு தாங்குகிறது என்று சோதிக்கத்தான்.

என்ஃபீல்டு தோட்டாவும் 1857 உம்

1853 ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு புரிதுப்பாக்கியின் உள்விட்டம் 0.577 அங்குலம், அதன் பிரிச்செட் குண்டின் விட்டம் 0.568 அங்குலம். இக்குண்டில் மசகுப் பள்ளங்கள் இல்லை. குண்டைச் சுற்றிய தாளின் வெளிப்புறமே மசகில் தோய்க்கப்பட்டது. தாளும் மசகும் சேர்ந்து இடைவெளியை நிரப்பின. வீரர் தாளின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, மசகிட்ட முனையைச் செருகிக் கோலால் இடித்து இறக்க வேண்டும். வாயில் வைக்கும் பொருளாக இருந்ததே சிக்கலின் வேர்.

1853 சோதனையின்போதே, மசகில் என்ன கலந்துள்ளது என்பது தெரியாமல் அதனை இந்தியச் சிப்பாய்களிடம் கொடுப்பது தகாது என்று கர்னல் டக்கர் அவ்வாண்டு டிசம்பரில் எழுதி எச்சரித்தார். அக்கடிதம் பயன் தரவில்லை. தோட்டாக்கள் சிப்பாய்களின் பைகளில் வைத்துச் சோதிக்கப்பட்டு, எதிர்ப்பு எதுவும் எழாமல் 1855 இல் திருப்பி அனுப்பப்பட்டன. சோதிக்கப்பட்டது மசகின் வெப்பத் தாங்குதிறன் மட்டுமே.

1857 சனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் பணியாற்றிய கலாசி ஒருவர், தண்ணீர் கேட்டு மறுக்கப்பட்டபோது, புதிய தோட்டாவில் பசு, பன்றிக் கொழுப்பு இருப்பதாகக் கூறிச் சிப்பாயை ஏளனம் செய்ததாகச் சொல்லப்படுகிறது. லெப்டினன்ட் ரைட் சனவரி 22 இல் இச்செய்தியை மேலிடத்துக்குத் தெரிவித்தார். ஐந்தே நாட்களில், சனவரி 27 இல், மசகிடாத தோட்டாக்களையே வழங்க வேண்டும் என்றும், சிப்பாய்கள் தாம் விரும்பிய மசகைத் தாமே பூசிக்கொள்ளலாம் என்றும் அரசு ஆணையிட்டது. பின்னர் பல்லுக்குப் பதில் கையால் கிழிக்கும்படி பயிற்சி முறையும் மாற்றப்பட்டது.

ஆணைகள் விரைந்து வந்தன; நம்பிக்கை திரும்பவில்லை. விலங்கு எது என வரையறுக்காமல் ஒப்பந்தக்காரரிடம் கொழுப்பு வாங்கப்பட்டிருந்ததால், பசுக் கொழுப்பு இல்லை என்று உறுதிகூற அதிகாரிகளால் இயலவில்லை. ஏப்ரல் 24 இல் மீரட்டில் 3 ஆம் இலகு குதிரைப்படையின் 90 வீரர்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை புதிய தோட்டாக்கள் அல்ல, வழக்கமான பழைய தோட்டாக்கள் என்பது குறிப்பிடத்தக்கது. மே 9 இல் அவர்கள் விலங்கிடப்பட்டனர். மறுநாள் மீரட்டில் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சிக்கு நிலவரி, அவத் இணைப்பு எனப் பல காரணங்கள் உண்டு. மசகு மட்டுமே காரணம் என்பது மிகை.

தமிழகத்தில் இதற்கு 51 ஆண்டுகள் முன்பே, 1806 சூலை 10 இல் நிகழ்ந்த வேலூர்ப் புரட்சியிலும் இத்தகைய பொருளொன்று இடம்பெற்றது. அங்கு சினமூட்டியவற்றுள் ஒன்று புதிய தலைப்பாகையில் செருகப்பட்ட தோல் அணி.

பொறியியல் நோக்கிலும் அத்தோட்டா குறையுடையதாகவே இருந்தது. போரின்போது வெப்பத்தில் மசகு கெட்டு, கசடு படிந்த குழலில் குண்டு இறங்க மறுத்தது. இதன் விளைவாகக் குண்டின் விட்டம் 0.55 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. மசகில் தேன்மெழுகு முதன்மை பெற்றது. 1882 இல் சுவிட்சர்லாந்தின் எடுவார்டு ரூபின் செப்பு உறையிட்ட குண்டை உருவாக்கிய பின், படைகளுக்கு மசகின் தேவை படிப்படியாக மறைந்தது. வார்ப்புக் குண்டு இலக்குச் சுடுவோரிடமும் வேட்டைக்காரரிடமும் எஞ்சியது.

இயந்திரங்களும் தானியங்கி ஊட்டியும்

அளவாக்கும் இயந்திரங்கள் இருவகைப்படும். முதல் வகையில் குண்டு முனை மேலாக வைக்கப்பட்டு, அளவச்சினுள் இறக்கப்பட்டு, மசகேற்றப்பட்டு, மீண்டும் மேலே தள்ளப்படும். ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து வைக்க வேண்டும். அமெரிக்காவின் லைமன் நிறுவன இயந்திரங்கள் இவ்வகையின. இரண்டாம் வகையில் குண்டு முனை கீழாக அச்சினுள் நுழைந்து, அடுத்த குண்டு தள்ளக் கீழ்வழியே வெளியேறும். ஸ்டார் இயந்திரம் இதற்குப் பெயர்பெற்றது. குண்டு ஒரே திசையில் செல்வதால் இவ்வகைக்குத்தான் தானியங்கி ஊட்டி பொருந்தும்.

ஊட்டியில் பொதுவாக நான்கு உறுப்புகள் உண்டு: குண்டுகளைக் கொட்டும் தொட்டி, அவற்றை ஒரே முகமாகத் திருப்பும் சுழல்தட்டு, இறக்கும் குழாய், ஒவ்வொரு குண்டாக அச்சின் வாய்க்கு நகர்த்தும் தள்ளி. மேலிருந்து இறங்கும் அழுத்துகோல் குண்டை அச்சினுள் செலுத்தும்.

சீரமைத்தலில் முதலில் பார்க்கப்படுவது அழுத்துகோலின் ஆழம். மசகின் வழியை மூடிவைத்துச் சில குண்டுகளை ஓட்டி இது சரிசெய்யப்படும். கோல் அதன் கடைநிலையில் நிற்கும்போது குண்டின் பள்ளமும் அச்சின் மசகுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மட்டம் தவறினால் மசகு முனையிலோ அடியிலோ பூசப்படும். தேவையற்ற துளை வரிசைகள் சிறு ஈய உருண்டைகளால் அடைக்கப்படும். ஒவ்வொரு குண்டு வடிவத்துக்கும் இவ்வேலையை மீண்டும் செய்ய வேண்டும். அடி விளிம்பு சாய்வான குண்டுகளில் அச்சாய்விலேயே மசகு திரள்வதால், அவை சற்றுத் தொல்லை தருவன.

குழாய் அகலமானால் குண்டு சாயும். குறுகலானால் வார்ப்புப் பிசிறு உள்ள குண்டு நடுவே சிக்கும். தள்ளி நகர்ந்து நின்றபின்பே கோல் இறங்க வேண்டும். இந்த நேர ஒழுங்கு பிசகினால் குண்டு நசுங்கும். எனினும், ஊட்டியின் மீது பழி சுமத்தப்படும் அடைப்புகளில் பல உண்மையில் மசகழுத்தத்தால் நேர்பவை. அழுத்தம் மிகுந்தால் மசகு குண்டின் அடியில் கசிந்து, கோலிலும் தள்ளியிலும் ஒட்டி, அடுத்த குண்டை நிலை தவறச் செய்யும். குறைந்தால் பள்ளம் பாதியே நிரம்பும். வன்மசகு பயன்படுத்தும்போது அடித்தட்டைச் சூடேற்றி, வெப்பம் நிலைபெற்ற பின்னரே அழுத்தத்தைத் திருத்துவது வழக்கம்.

வெளிவரும் குண்டின் விட்டம் அச்சின் விட்டமாகவே இருக்கும் என்று கொள்ள இயலாது. கடினமான கலவை அச்சைவிட்டு நீங்கியதும் சற்றே விரியும். எனவே கலவை மாறும்போதெல்லாம் நுண்ணளவியால் அளந்து பார்க்கப்படுகிறது. 2010களில் நெகிழிப்பொடியை ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் சுட்டுப் பூசும் முறை பரவியதால், மசகிடாமல் அளவாக்குவதும் பெருகியுள்ளது.

உடல்நலம், சட்டம்

ஈயத்தூள் உடலில் சேர்ந்தால் நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். குழந்தைகளுக்குத் தீங்கு மிகுதி. வார்ப்பிடத்தில் காற்றோட்டமும், வேலை முடிந்தபின் கை கழுவுதலும், அவ்விடத்தில் உண்ணாதிருத்தலும் இன்றியமையாதவை.

இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றமாகும். அதனால் அமெரிக்காவில் உள்ளதுபோல் வீட்டுப் பொழுதுபோக்காக இது இங்கு வளரவில்லை. தமிழகப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் மசகிட்ட ஈயக்குண்டைக் காணும் வாய்ப்பு பெரும்பாலும் தேசிய மாணவர் படையின் .22 புரிதுப்பாக்கிப் பயிற்சியில் அமைகிறது. அத்தோட்டாக்களின் பல வகைகளில் உறைக்கு வெளியே தெரியும் ஈயத்தின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கும். தொட்டால் விரலில் ஒட்டும்.