நிலவுக் கல்லைப் படித்த பம்பாய்

1969 அக்டோபரில் ஆம்ஸ்ட்ராங், ஆல்டிரின், காலின்ஸ் மூவரும் தம் உலகச் சுற்றுப்பயணத்தின் நடுவே பம்பாய்க்கு வந்தனர். நிலவுப் பயணத்துக்கும் இந்நகருக்கும் உள்ள உறவைப் பேசுவோர் பெரும்பாலும் அந்த வரவேற்போடு நிறுத்திக்கொள்கின்றனர். அதைவிட ஆழமான உறவு ஆரவாரமின்றி ஓர் ஆய்வகத்தில் உருவானது. வடாலாவிலிருந்து துறைமுகத் தடத்து ரயிலில் தெற்கே சென்று, கொலாபாவின் நுனிவரை போனால் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். தேவேந்திர லாலின் குழு அப்போலோ மாதிரிகளை ஆராய்ந்த இடம் அது.

ஏன் பம்பாய்? விடை ஹோமி பாபாவிடம் தொடங்குகிறது. காஸ்மிக் கதிர் ஆய்வு அந்நிறுவனத்தின் தொடக்ககால மரபு. ஒளிப்படக் குழம்புப் பூச்சுகளைப் பலூன்களில் உயரே அனுப்பி, அவற்றில் பதிந்த துகள்தடங்களை எண்ணிப் பழகியவர்கள் அங்கு இருந்தனர். லால் அப்பயிற்சியை விண்கற்களுக்குக் கொண்டுசென்றார். நிலவுக் கற்கள் வந்தபோது கருவி புதிதாகத் தேவைப்படவில்லை.

நிலவில் காற்றுமண்டலம் இல்லை. ஆகவே காஸ்மிக் கதிர்களிலுள்ள இரும்பு போன்ற கன அணுக்கருக்கள் நேரே பாறைக்குள் பாய்ந்து, கனிமப் படிகங்களில் நுண்ணிய சிதைவுக் கோடுகளை விட்டுச்செல்கின்றன. ஃபெல்ட்ஸ்பார் துகளைக் கொதிக்கும் சோடியம் ஹைட்ராக்சைடில் இட்டால் அக்கோடுகள் அரிக்கப்பட்டு நுண்ணோக்கியில் தெரியும். மேற்பரப்பில் தடங்கள் நெருக்கம். ஆழம் செல்லச்செல்ல அருகும். அக்கணக்கிலிருந்து ஒரு கல் வெளியில் கிடந்த காலத்தையும், மேல்மண் கிளறப்பட்ட விதத்தையும், பல இலட்சம் ஆண்டுகளின் கதிர்வீச்சையும் மதிப்பிடலாம்.

மனிதர் சென்றதன் பயன் இங்கேதான் துலங்குகிறது. சோவியத்தின் லூனா 16, 1970இல் ஆளின்றியே 101 கிராம் மண்ணைக் கொணர்ந்தது; அது சிறிய சாதனையன்று. ஆயினும் தட ஆய்வுக்குக் கல்லின் எப்பக்கம் வானை நோக்கியிருந்தது என்பது தெரிய வேண்டும். அப்போலோ வீரர்கள் கல்லை எடுக்குமுன் அது கிடந்த நிலையைப் படம்பிடித்தனர். (முதற்பயணத்தின் அவசரத்தில் இவ்வொழுங்கு முழுமையாகக் கைகூடவில்லை.) அப்போலோ 15இல் டேவிட் ஸ்காட் துளைப்பானோடு மல்லுக்கட்டி, ஏறத்தாழ 2.4 மீட்டர் ஆழ மண்தூணை அடுக்கு குலையாமல் எடுத்தார். கொடிநாட்டிய படத்தைவிட இத்தகைய மண்தூணே ஆய்வாளருக்குப் பெரிது.

1971இல் ஹூஸ்டனில் நடந்த இரண்டாம் நிலவறிவியல் மாநாட்டின் தொகுதியில் பம்பாய்க் குழுவின் கட்டுரைகள் வெளிவந்தன. நரேந்திர பண்டாரி, லால் ஆகியோருடன் வி. எஸ். வெங்கடவரதனின் பெயரும் அவற்றில் உண்டு. அவரே பின்னாளில் வொர்லியிலுள்ள நேரு கோளரங்கத்தின் இயக்குநர். 1972இல் லால் அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநரானபோது நிலவாய்வும் அங்கே இடம்பெயர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அப்போலோ 17 திரும்பியது. அதன்பின் எவரும் நிலவில் இறங்கவில்லை. கற்களை ஆராயும் பணியோ தொடர்ந்தது. லாலின் மாணவராக அத்துகள்களை நுண்ணோக்கியில் ஆய்ந்த ஜே. என். கோஸ்வாமி, 2008இல் ஏவப்பட்ட சந்திரயான்-1இன் முதன்மை அறிவியலாளராக இருந்தார்.