ஜிஇஎன்எக்ஸ் எஞ்சின்

நெடுந்தொலைவுப் பயணிகள் விமானங்களுக்காக அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் உருவாக்கிய டர்போஃபேன் எஞ்சின். 2008-இல் சான்றிதழ் பெற்றது. போயிங் 787, 747-8 விமானங்களில் பயன்படுகிறது. ஏர் இந்தியாவின் 787 விமானங்கள் 2012 முதல் இதைக் கொண்டே பறக்கின்றன.

அமைப்பு: 787-க்கான வகையில் முன்விசிறியின் விட்டம் சுமார் 2.8 மீட்டர், அதன் 18 அலகுகளும் உறையும் கரியிழைக் கலப்புப் பொருளால் ஆனவை. உள்ளே வரும் காற்றில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு எரியறைக்குள் புகாமல் சுற்றிச் சென்று உந்துவிசை தருகிறது. பெருமளவு காற்றைக் குறைந்த வேகத்தில் தள்ளுவதால் எரிபொருள் மிச்சமாகிறது, இரைச்சலும் தணிகிறது. முந்தைய சிஎஃப்6 எஞ்சினைவிட எரிபொருள் செலவு சுமார் 15 விழுக்காடு குறைவு.

முக்கியத்துவம்: சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள் தாழப் பறக்கும் கிண்டி போன்ற குடியிருப்புப் பகுதிகளுக்கு, இரைச்சல் குறைந்த எஞ்சின் இன்றியமையாத தேவை.