சட்டசபைத் தலைமை யாருக்கு உரியது?

ஓர் அரசியல் கட்சி தன் சட்டசபைத் தலைவரை, அதிலும் நெடுங்காலம் தலைமை தாங்கிப் பெயரும் புகழும் பெற்ற ஒருவரை, மாற்றலாமா? மாற்றலாம் எனின், அவ்வுரிமை யாருடையது? இவ்வினாவுக்கு விடை காண நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. சென்னை மாநிலத்தில் 1946 முதல் 1954 வரையுள்ள எட்டு ஆண்டுகளுக்குள் காங்கிரஸ் சட்டசபைக் கட்சி ஐந்து தலைவர்களைக் கண்டது. பிரகாசம், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராஜா, இராஜாஜி, காமராஜர் ஆகிய ஐவருமே விடுதலைப் போரில் சிறை சென்றவர்கள்; ஐவருமே தத்தம் வகையில் பெரியவர்கள். ஆயினும் ஒருவர் பின் ஒருவராக அந்நாற்காலி கைமாறிற்று.

புதுக்கோட்டை மாவட்டத்து மாணவர்களுக்கு இவ்வரலாறு ஏனையோரைக் காட்டிலும் நெருங்கியது என்று நான் கருதுகின்றேன். சமஸ்தானமாக இருந்த காலத்திலேயே, 1924 இல், புதுக்கோட்டையில் சட்டசபை ஒன்று ஏற்பட்டது. தேர்தல் நடந்தது, உறுப்பினர்கள் கேள்விகள் கேட்டனர், தீர்மானங்கள் கொணர்ந்தனர். ஆனால் நிருவாகத்தின் தலைவரை நியமிக்கவோ நீக்கவோ அச்சபைக்கு அதிகாரம் இல்லை. 1934 இல் நிருவாகியாக வந்த டாட்டன்ஹாம் துரை எவ்வளவு திறமையாக ஆண்டார் என்பது வேறு செய்தி. அவரை 'வேண்டா' என்று சொல்லும் வாய் அச்சபைக்கு இருந்ததில்லை. 1948 மார்ச்சு 3 ஆம் நாள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, சென்னை மாகாணத்துத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. அன்றுமுதல் 1954 வரை ஆறே ஆண்டுகளில் புதுக்கோட்டை மக்கள் நான்கு பேருடைய ஆட்சியைக் கண்டனர். திவான்கள் காலத்து அமைதிக்குப் பழகிய முதியவர்களுக்கு இது குழப்பமாகவே தோன்றியிருக்கும். குழப்பமா, உரிமையா என்பதே நம் ஆராய்ச்சி.

இவ்வரலாற்றின் வேர்களுள் ஒன்றும் இம்மாவட்டத்தில்தான் இருக்கின்றது. தீரர் சத்தியமூர்த்தி 1887 இல் திருமயத்தில் பிறந்தவர். புதுக்கோட்டைக் கல்லூரியிலே பயின்றவர். 1937 ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதியில் அவர் நிற்பதாக இருந்தது. அவ்விடத்தை அவர் இராஜாஜிக்கு விட்டுக்கொடுத்தார். இராஜாஜி வென்று, சட்டசபைக் கட்சித் தலைவராகிப் பிரதம மந்திரியும் ஆனார் (மாகாணத் தலைமை அமைச்சரை அந்நாளில் பிரதம மந்திரி என்றே அழைத்தனர்). அவர் அமைத்த மந்திரிசபையில் சத்தியமூர்த்திக்கு இடமில்லை. அதன் காரணத்தைப் பற்றி இன்றளவும் வாதிடுவோர் உளர். எனினும் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் இரு அணியாகப் பிரிந்து நின்ற நிலை இதனால் வலுப்பெற்றது என்பதில் ஐயமில்லை. 1940 இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைமைக்கு நடந்த தேர்தலில் சத்தியமூர்த்தியின் அணியைச் சேர்ந்த காமராஜர், இராஜாஜியின் ஆதரவு பெற்ற சி. பி. சுப்பையாவை மிகச் சில வாக்குகளால் வென்றார். அப்பால், தலைவராகிய தம் மாணாக்கரின்கீழ்ச் செயலாளராகப் பணிபுரியச் சத்தியமூர்த்தி தயங்கவில்லை. 1943 இல் அவர் மறைந்தார்.

1946 இல் மீண்டும் மந்திரிசபை அமைக்கும் காலம் வந்தபோது, காந்தியடிகளும் மேலிடத்தாரும் இராஜாஜியைத் தலைவராக்க விரும்பினர். சென்னைச் சட்டசபைக் காங்கிரஸ் உறுப்பினர்களோ அதற்கு இணங்கவில்லை. காந்தியடிகளின் விருப்பம் என்ற பிறகும் உறுப்பினர்கள் 'இல்லை' என்றார்கள் என்பது அக்காலத்தில் எளிய செயலன்று. ஆந்திர கேசரி பிரகாசம் தலைவரானார். ஓராண்டு முடியுமுன் அவர்மீது அதே உறுப்பினர்கள் நம்பிக்கையிழந்தனர். 1947 மார்ச்சில் ஓமந்தூரார் அவ்விடத்திற்கு வந்தார்.

ஓமந்தூராரின் கதை சற்று நின்று நோக்கத்தக்கது. ஜமீன்தாரி முறையை ஒழிக்கும் சட்டம் அவர் காலத்தில் நிறைவேறியது. கோயில் நுழைவு உரிமை சட்டமாயிற்று. புதுக்கோட்டை இணைந்ததும் அவர் ஆட்சியிலேதான். நேர்மையில் அவருக்கு நிகர் அரிது. ஆனால் சட்டசபை உறுப்பினர்கள் சிபாரிசுக் கடிதங்களோடு வருவதை அவர் அறவே விரும்பவில்லை. நிருவாகத்தில் கட்சிக்காரர் தலையிடலாகாது என்பது அவர் கொள்கை. கட்சிக்குள் மனக்கசப்பு வளர்ந்தது. 1949 ஏப்ரலில் அவர் விலகினார். குமாரசாமி ராஜா பொறுப்பேற்றார். ஓமந்தூரார் வடலூர் சென்று, வள்ளலார் வழியில் அறப்பணிகளில் ஈடுபட்டார். ஒரு தலைவரை மாற்றும் உரிமை உறுப்பினர்களுக்கு உண்டு என்று வாதிடும் நான், இம்மாற்றத்தைப் புகழ முடியவில்லை. உரிமை மெய், அதை அவர்கள் ஆண்ட காரணம் சிறியது.

இனி 1952 க்கு வருவோம். முதற் பொதுத் தேர்தலில் 375 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டசபையில் காங்கிரஸ் 152 இடங்களையே பெற்றது. முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜாவே தோற்றார். கம்யூனிஸ்டுகள் 62 இடங்களைப் பிடித்தனர். எதிர்க்கட்சிகள் பிரகாசத்தின் தலைமையில் ஒன்றுகூடி ஆட்சி கோரின. இவ்விக்கட்டில் காங்கிரஸ், இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்து ஓய்வுகொண்டிருந்த இராஜாஜியை நாடிற்று. கவர்னர் ஸ்ரீபிரகாசா அவரை மேல்சபைக்கு நியமித்தார். 1952 ஏப்ரல் 10 அன்று அவர் முதலமைச்சரானார். பொதுத் தேர்தலில் நில்லாத ஒருவர் நியமனத்தின் வழியாகத் தலைமைக்கு வந்ததை எதிர்த்துக் கம்யூனிஸ்டுத் தலைவர் பி. இராமமூர்த்தி உயர்நீதிமன்றம் சென்றார், வழக்கு தள்ளுபடியாயிற்று. சட்டம் இடங்கொடுத்தது. நீதிமன்றம் தீர்த்துவைக்க இயலாத கேள்வியொன்று மட்டும் எஞ்சி நின்றது: மக்களிடம் வாக்குக் கேளாத தலைவர், வாக்குக் கேட்டு வந்த உறுப்பினர்களுக்கு எவ்வளவு கடமைப்பட்டவர்?

இராஜாஜி வந்த பயன் உடனே தெரிந்தது. சிறுபான்மைக் கட்சி பெரும்பான்மையைத் திரட்டிக்கொண்டது. உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். தஞ்சைப் பண்ணையாட்களுக்கும் குத்தகைதாரர்களுக்கும் பாதுகாப்பளிக்கும் அவசரச் சட்டம் பிறந்தது. எழுபத்துமூன்று வயதில் ஒருவர் இவ்வளவு செய்தது வியப்பே. அவருடைய பகைவரும் அவர் அறிவாற்றலைக் குறைத்துப் பேசியதில்லை.

பின்னர் வந்தது தொடக்கக் கல்வி மாற்றம். 1953 ஆம் ஆண்டில் கிராமப்புறப் பள்ளிகளில், நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பாடம். எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலையோ வேறு கைத்தொழிலையோ பழகலாம் என்று விதிக்கப்பட்டது. இரண்டு முறையாகப் பள்ளி நடத்தினால், கூடுதல் செலவின்றி இருமடங்கு பிள்ளைகள் படிக்கலாமே என்பது இராஜாஜியின் கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் தந்தையின் தொழிலை மகன் பழகுவது என்பது இந்நாட்டில் வெறும் தொழிற்பயிற்சியாகுமோ? சாதியும் தொழிலும் பிணைந்து கிடக்கும் ஊரில், கல்வி ஒன்றையே ஏணியாக நம்பிய ஏழைக் குடியானவனும் வண்ணானும் குயவனும் அதனை எவ்வாறு எடுத்துக்கொள்வர்? 'குலக்கல்வித் திட்டம்' என்ற பெயர் ஒரு சொல்லில் அவ்வச்சத்தைச் சொல்லிவிட்டது. பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் வெளியே போராடின. புதுக்கோட்டையைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பள்ளிகளும் கிராமப் பள்ளிகளே அல்லவா? அப்பெற்றோர் தங்கள் தொகுதி உறுப்பினரைத்தான் கேள்வி கேட்பார்கள்; மேல்சபையில் நியமன உறுப்பினராக வீற்றிருந்த முதலமைச்சரை அன்று.

நம் வினாவின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. தங்களைக் கலந்துகொள்ளாமலே தலைவர் திட்டத்தைப் புகுத்தினார் என்பது காங்கிரஸ் உறுப்பினர்களின் பெருங்குறை. 1953 ஜூலை 29 இல், திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்திற்குச் சட்டசபையில் 138 பேர் சார்பாகவும் 138 பேர் எதிராகவும் வாக்களித்தனர். திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவுக்கு அனுப்பவேண்டும் என்ற தீர்மானமோ நிறைவேறிவிட்டது. பாருலேகர் தலைமையில் அமைந்த அக்குழு திட்டத்தை ஆதரித்தே அறிக்கை தந்தது. அதற்குள் நிலைமை வேறாகிவிட்டது. அக்டோபர் 1 இல் ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. கம்யூனிஸ்டு உறுப்பினர்களுள் பெரும்பாலோர் ஆந்திரப் பகுதியினராதலால், அவர்களும் சென்னைச் சட்டசபையை விட்டகன்றனர். எந்த ஆபத்தைத் தடுக்க இராஜாஜியை அழைத்தார்களோ, அவ்வாபத்து நீங்கிற்று. டாக்டர் வரதராஜுலு நாயுடு முதலியோர் தலைமை மாற்றம் வேண்டுமென வெளிப்படையாகவே முயன்றனர்.

வாக்கெடுப்பில் தோற்றால்தான் தலைவர் விலகவேண்டும் என்பதில்லை. 1940 மே மாதத்தில் நார்வேப் போர் பற்றிய விவாதத்தில் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் 281 க்கு 200 என்று வென்றார். ஆயினும் தம் கட்சியினரே பலர் எதிர்த்தும் ஒதுங்கியும் நின்றதைக் கண்டு, இரண்டே நாளில் பதவியைத் துறந்தார். இராஜாஜியும் காற்றின் போக்கை அறியாதவரல்லர். உடல்நலத்தைக் காரணங் கூறி விலக முடிவு செய்தார். 1954 மார்ச்சு இறுதியில் சட்டசபைக் கட்சி புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூடிற்று. இராஜாஜியின் அன்புக்குரியவரான சி. சுப்பிரமணியம் ஒருபுறம், காமராஜர் மறுபுறம். காமராஜருக்கு 93 வாக்குகள், சுப்பிரமணியத்திற்கு 41.

மாற்றியது சரியா? சரி என்றே நான் சொல்வேன். திட்டம் தீயது என்பது மட்டுமே காரணமானால், திட்டத்தைக் கைவிடச் செய்தாலே போதும், தலைவரை விடவேண்டா. தலைவரின் பலம் தம் பின்னிருக்கும் உறுப்பினர்களிடமிருந்து வருகின்றது. அவர்களைக் கேட்க வேண்டுவதில்லை என்று எண்ணும் தலைவர், எவ்வளவு பேரறிஞராயினும், டாட்டன்ஹாம் துரையின் நாற்காலியில் அமர்ந்தவரே ஆவார். இராஜாஜியின் பெருமையை மதித்து உறுப்பினர்கள் வாய்மூடி இருந்திருந்தால், அடுத்த தேர்தலில் அவர்களுக்காக மக்கள் அவ்வேலையைச் செய்திருப்பார்கள்.

ஆனால் பலர் மறந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. காமராஜர் 1954 ஏப்ரல் 13 இல் பதவியேற்றபோது அவர் மந்திரிசபையில் எண்மரே இருந்தனர். தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சுப்பிரமணியமும் எதிரணியில் நின்ற பக்தவத்சலமும் அதில் இடம்பெற்றனர். பொதுநலக் கட்சியிலிருந்து வந்த மாணிக்கவேலு நாயக்கர் தொடர்ந்தார். உழைப்பாளர் கட்சியின் இராமசாமிப் படையாச்சியார் புதிதாகச் சேர்ந்தார். நாற்பத்தொருவர் ஆதரித்த அணியை வெளியே தள்ளியிருந்தால் கட்சி உடைந்திருக்கும். கல்விப் பொறுப்பே சுப்பிரமணியத்திடம் இருந்தது. அடுத்த மாதம் 18 ஆம் நாள், பழைய மந்திரிசபையிலும் இருந்த அவரே சட்டசபையில் எழுந்து, அரைநாட் கல்வித் திட்டம் கைவிடப்பட்டதை அறிவித்தார்.

காமராஜர் அப்பொழுது டெல்லிப் பாராளுமன்ற உறுப்பினர். சென்னைச் சபைகள் இரண்டிலும் உறுப்பினரல்லர். ஆறு மாதத்திற்குள் ஏதேனும் ஒரு சபையில் இடம்பெற வேண்டும். மேல்சபைக் கதவு திறந்தேதான் இருந்தது. அவர் அவ்வழி செல்லாமல், குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று, வாக்குக் கேட்டு வென்று, கீழ்ச்சபைக்குள் வந்தார்.