அந்த ட்ரம்ஸை அடிச்சது யார்?

நாங்கள் சிலர் ஒன்றாக இருந்து 'என்ட்ரொடியூசிங்' அல்பத்தை முதல்முறை முழுசாகக் கேட்டு முடித்தபோது எங்களுக்குள் வந்த கேள்வி இதுதான்: அந்த ட்ரம்ஸை அடிச்சது யார்? அல்பத்தில் இருக்கிற பெயர் டீஜே ஷடோ. ஆனால் அவர் ட்ரம்ஸ் அடிக்கவில்லை, பியானோவும் வாசிக்கவில்லை. கிட்டத்தட்ட முழு அல்பமும் மற்றவர்களின் பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளால் ஆனது. இப்படி வெட்டியெடுத்து வேறொரு இசைக்குள் வைக்கிற துண்டைத்தான் சாம்பிள் எண்டு சொல்லுறது.

1996 செப்டெம்பரில் லண்டனின் மோ வாக்ஸ் கொம்பனி இதை வெளியிட்டது. அப்போது கலிபோர்னியாவைச் சேர்ந்த ஷடோவுக்கு வயது 24. முழுக்கச் சாம்பிள்களாலேயே செய்யப்பட்ட முதல் அல்பம் எண்டு கின்னஸ் புத்தகமும் பின்னர் இதைக் குறித்தது. புதுமை எண்டு எல்லாரும் கொண்டாடினாலும், இதற்குப் பின்னால் இருபது வருசத்துக்கு மேற்பட்ட கதை ஒன்று இருக்கு.

1973 ஓகஸ்ட் 11, நியூயோர்க்கின் ப்ரொங்ஸ் பகுதி. ஜமேக்காவில் பிறந்த டீஜே கூல் ஹேர்க், தங்கையின் விருந்தொன்றில் இசைத்தட்டு சுழற்றினார். பாட்டின் நடுவில் மற்ற வாத்தியங்கள் ஓய்ந்து ட்ரம்ஸ் மட்டும் ஒலிக்கிற சில செக்கன்களில்தான் சனம் அதிகமாக ஆடுது எண்டதை அவர் கவனித்து வைத்திருந்தார். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை மாறிமாறிப் போட்டு அந்தச் சில செக்கன்களை நிமிசக்கணக்கில் நீட்டினார். ஹிப்ஹொப் அங்கேயிருந்துதான் தொடங்குது எண்டு சொல்லுவார்கள். அதாவது, முகம் தெரியாத ஒரு ட்ரம்ஸ்காரரின் கைகளிலிருந்து.

கையால் செய்ததைப் பிறகு இயந்திரம் செய்தது. 1988 இல் வந்த அக்காய் எம்பிசி 60 இல் விரலால் தட்டுவதற்குப் பதினாறு சதுரங்கள். கூட்டாத நினைவகத்தில் ஏறக்குறைய 13 செக்கன் ஒலியைத்தான் சேமிக்கலாம். ஷடோ இந்தப் பெட்டியை வைத்துத்தான் அல்பத்தைக் கட்டினார். 'மிட்நைட் இன் எ பேர்ஃபெக்ட் வேர்ல்ட்' எண்ட துண்டைக் கேளுங்கோ. அந்தச் சோகமான பியானோ, டேவிட் அக்ஸல்ரொட் 1969 இல் வெளியிட்ட 'த ஹியூமன் அப்ஸ்ட்ரக்ட்' இலிருந்து வந்தது. அதே துண்டுக்குள் அமெரிக்கப் பாடகி மெரடித் மொங்கின் குரலும் வருது, பின்லாந்தின் பெக்கா பொஹ்யோலாவின் இசையும் வருது. ஒருத்தரையொருத்தர் சந்திக்காத ஆக்கள் ஒரே அறையில் இருந்து வாசிக்கிற மாதிரித்தான் எங்களுக்குக் கேட்டது. இது வெறும் ஒட்டுவேலை இல்லை. பல வருசம் காதால் தேடின ஒருத்தரால்தான் இதைச் செய்யேலும்.

ஆனால் ரசிச்சதோட நிண்டால் விமர்சனம் இல்லை. 1991 டிசெம்பரில் நியூயோர்க் நீதிமன்றம் ஒன்று, ராப் பாடகர் பிஸ் மார்க்கி அனுமதியில்லாமல் கில்பேர்ட் ஓ சலிவனின் பாட்டொன்றைச் சாம்பிள் எடுத்தது களவு எண்டு தீர்ப்பளித்தது. அதன்பிறகு கொம்பனிகள் பயந்தன, அனுமதிக்கான செலவும் ஏறியது. இனி நீதி கிடைக்கும் எண்டு நினைப்பீர்கள். ஆருக்கு?

அமெரிக்கச் சட்டப்படி ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கு. ஒன்று, இசையை எழுதினவருக்குரியது. மற்றது ஒலிப்பதிவின் உரிமை, பெரும்பாலும் கொம்பனியிடம் இருப்பது. சம்பளத்துக்கு வந்து வாசித்துவிட்டுப் போனவர் பொதுவாக இந்த இரண்டிலும் இல்லை.

இரண்டு பேரை எடுத்துப் பார்ப்பம். அக்ஸல்ரொட் இசையை எழுதி நெறிப்படுத்தியவர். சாம்பிள்களால் புதிய தலைமுறை அவரைத் தேடி வந்தது. 2001 இல் அதே மோ வாக்ஸ் அவருடைய அல்பம் ஒன்றை வெளியிட்டது. மற்றவர் க்ளைட் ஸ்ரபிள்ஃபீல்ட். ஷடோவின் அல்பத்துக்காக இல்லை, இந்த வரலாற்றுக்காக அவரைச் சொல்லுறம். ஜேம்ஸ் ப்ரவுனின் 'ஃபங்கி ட்ரம்மர்' பாட்டுக்கு 1969 நவம்பரில் அவர் அடித்த சில செக்கன்கள் ஆயிரத்துக்கும் அதிகமான பாட்டுகளில் எடுக்கப்பட்டன. பாட்டை எழுதியவர் எண்டு பதிவாகியிருப்பது ப்ரவுனின் பெயர் மட்டும். அந்தச் சாம்பிள்களுக்கான உரிமைப்பணம் க்ளைட்டுக்கு வரவில்லை. அவருக்குப் புற்றுநோய் வந்தபோது, சுமார் 90,000 டொலர் மருத்துவச் செலவைக் கட்டியது பாடகர் ப்ரின்ஸ். அக்ஸல்ரொட்டும் க்ளைட்டும் 2017 பெப்ரவரியில், ஒரே மாதத்தில் இறந்தார்கள்.

ஆகவே சாம்பிள் எடுப்பது களவா, கலையா எண்டு கேக்கிறது எங்களுக்குப் போதாது. சாம்பிளுக்கு முதலே அந்தக் கைகளின் உழைப்பு கணக்கில் எடுபடவில்லை. சட்டம் இறுகினபோதும் காப்பாற்றப்பட்டது உரிமைப் பத்திரம் வைத்திருந்தவர்தான்.

ஷடோ இதை அறியாதவர் இல்லை. 2001 இல் வந்த 'ஸ்க்ரட்ச்' ஆவணப்படத்தில், இசைத்தட்டுகள் மலையாய்க் குவிந்த கடையொன்றின் நிலக்கீழ் அறையில் இருந்துகொண்டு, இவையெல்லாம் உடைஞ்ச கனவுகளின் குவியல், என்ர தட்டும் ஒருநாள் இங்கேதான் வந்து சேரும் எண்ட கருத்தில் அவர் பேசுகிறார். அந்தப் பணிவு எங்களுக்குப் பிடிச்சது. ஆனால் பணிவு வேற, பங்கு வேற. மறக்கப்பட்ட தட்டைத் தேடியெடுப்பது அதற்குத் திரும்ப உயிர் குடுக்குது. அதேநேரம், மறக்கப்பட்டவர் கணக்குக் கேட்டு வருகிற வாய்ப்பும் குறைவு. இந்த அல்பத்தின் அழகுக்குள் இரண்டுமே இருக்கு.

அதனால் நாங்கள் இதைக் கேட்காமல் விடப்போவதில்லை. கேட்கிற முறையைத்தான் மாற்றியிருக்கிறம். முதலில் ஷடோவின் துண்டு, பிறகு அதற்குள் இருக்கிற மூலப் பாட்டுகள் முழுசாக, பிறகு திரும்ப ஷடோ. மூலத்தட்டில் ட்ரம்ஸ் அடிச்சவரின் பெயரை உறையில் தேடி ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறம். நீங்களும் இந்தக் கிழமை ஒரு துண்டோடு தொடங்குங்கோ. கண்டுபிடிக்கிற பெயர்களை எங்களுக்கும் சொல்லுங்கோ.