சிட்னி துறைமுகத் தூய்மைப் பணி

சிட்னி துறைமுகத் தூய்மைப் பணி என்பது ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1989 ஆம் ஆண்டு சனவரி 8 ஆம் நாள் தன்னார்வலர்கள் மேற்கொண்ட குப்பை அகற்றும் பணி ஆகும். இதனைத் தொடங்கியவர் பாய்மரப் படகோட்டியான இயன் கீர்னன் (1940–2018). 1986–87 இல் படகில் தனியாக உலகைச் சுற்றும் போட்டியில் கலந்துகொண்டபோது, சர்காசோ கடலிலும் குப்பை மிதப்பதைக் கண்ட இவர், தம் ஊர்த் துறைமுகத்தையே முதலில் தூய்மைப்படுத்த முனைந்தார்.

இப்பணியில் 40,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். துருப்பிடித்த கார்களின் கூடுகள், நெகிழிப் பொருட்கள், கண்ணாடிப் புட்டிகள் உட்பட ஏறத்தாழ 5,000 டன் குப்பை அகற்றப்பட்டது.

இதனைத் தொடர்ந்து 1990 இல் ஆஸ்திரேலியத் தூய்மை நாள் நாடெங்கும் நடத்தப்பட்டது. தெருக்களில் வீசப்படும் குப்பை மழைநீர் வடிகால்கள் வழியே மீண்டும் நீர்நிலைகளைச் சேர்வதால், ஒரு நாள் பணி நிலையான தீர்வாகாது. இந்நாள் தற்போது ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் கடைப்பிடிக்கப்படுகிறது.