மாத்திரை போட்டாச்சா? மெட்ராஸ் முதல் மிஸ்டு கால் வரை

பல் டாக்டரிடமிருந்து "நாளைக்கு வரணும் சார்" என்று போன் வந்தால் நமக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் காசநோயில் இதே நினைவூட்டல் உயிர்ப் பிரச்சினை. அதன் வரலாற்றில் நம்ம சென்னைக்குப் பெரிய இடம் உண்டு.

ஒரு காலத்தில் காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். (தாம்பரத்துக்கு முந்தைய ரயில் நிலையத்தின் பெயர் அதன் மிச்சம்!) இருந்த நோயாளிகளுக்குப் படுக்கைகள் போதவே போதாது. 1956-ல் மெட்ராஸில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று தொடங்கியது. முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்திலும் மறு பாதியை வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகமே சானடோரியங்களை மூட ஆரம்பித்ததற்கு இந்த ஆய்வு ஒரு முக்கிய காரணம்.

சரி, வீட்டில் இருப்பவர் மாத்திரை போடுகிறாரா என்று யார் பார்ப்பது? சிக்கலே இங்கேதான். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், உடம்பு தேறும், "நமக்குத்தான் சரியாயிடுச்சே" என்று தோன்றும். கிருமி சாகாமல் பதுங்கியிருக்கும். பாதியில் நிறுத்தினால் அது மருந்துக்கே மசியாததாகத் திரும்பலாம். அதனால் மையத்து ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். போலீஸ் வேலை மாதிரி இருக்கிறது இல்லையா? ஆனால் அந்த நச்சரிப்பு இல்லாமல் அந்த முடிவு வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

1997-ல் இந்தியாவில் 'டாட்ஸ்' வந்தது. ஊழியரின் கண்ணெதிரே விழுங்க வேண்டும். 2006-க்குள் நாடு முழுக்கப் பரவியது. ஆனால் கூலி வேலைக்குப் போகிறவர் வாரம் மூன்று நாள் சுகாதார நிலையத்தில் நின்றால் கூலி போச்சு. அக்கம்பக்கத்துக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

2015-க்குப் பிறகு '99டாட்ஸ்' என்ற முறை வந்தது. மாத்திரையைப் பிதுக்கினால் அட்டையில் ஒளிந்திருக்கும் எண் தெரியும். அதற்கு ஒரு மிஸ்டு கால், காசு கிடையாது. கால் வரவில்லை என்றால் எஸ்.எம்.எஸ். போகும், பிறகு ஊழியர் போன் செய்வார்.

பிதுக்கிவிட்டுத் தூக்கி எறிந்தாலும் மிஸ்டு கால் போகும் என்பது உண்மைதான். போன் சுவிட்ச் ஆஃப் ஆகியிருந்தால் யாராவது வீட்டுக்குத்தான் போயாக வேண்டும்.