புதைபடிவ மோசடியும் ஒரு பல்கலைக்கழகமும்

சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் விஸ்வ ஜித் குப்தா என்றொரு பேராசிரியர். இமயமலையில் எடுத்ததாகச் சொல்லி வெளிநாட்டுப் புதைபடிவங்களை வைத்துச் சுமார் 25 ஆண்டுகள் கட்டுரைகளாக எழுதித் தள்ளினார். கூட எழுதிய வெளிநாட்டு நிபுணர்கள் பலர் அந்த இடத்தையே பார்த்ததில்லை. அனுப்பிய கல்லை நம்பிப் பெயர் கொடுத்தார்கள். அவற்றில் சில, கடைகளில் விற்கிற மொராக்கோ படிவங்களைப் போலவே இருந்தன. ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜான் டேலன்ட் 1989இல் ‘நேச்சர்’ இதழில் இதைப் போட்டுடைத்தார்.

ஓய்வுபெற்ற நீதிபதி விசாரித்தார். 1994இல் குற்றம் உறுதியானது. ஆனாலும் பணிநீக்கம் இல்லை. மாணவர்மேல் புகார் வந்தால் எத்தனை நாளில் விடுதி அறை பூட்டப்படும் என்பது நமக்குத் தெரியும், தோழர்களே. குப்தா 2002இல் ஓய்வுபெறும்வரை வேலையில் இருந்தார்.